எழுபது பவுண்டு காற்றும் ஓர் அம்மிக்கல்லும்

ஆஸ்திரேலியாவில் பத்து வருஷம் குப்பை கொட்டிய எந்தத் தமிழ் ஆணுக்கும் ஒருநாள் யூட் வாங்கும் ஆசை வந்தே தீரும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: யூட் என்பது முன்பாதி கார், பின்பாதி திறந்த தொட்டி. தச்சு வேலைக்காரர்களும் பிளம்பர்களும் பிழைப்புக்காக வாங்குவது. நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். என் தொழிலுக்கு நான் சுமக்கும் சாமான்கள் ஒரு லேப்டாப், ஒரு டிபன் பாக்ஸ். இரண்டையும் தொட்டியில் வைத்துத் தார்ப்பாய் போட்டுக் கட்டிக்கொண்டு ஆபீஸ் போவேன். (சிரிக்காதீர்கள். முதல் வாரம் உண்மையிலேயே கட்டினேன்.)

"இதுல என்னத்தங்க ஏத்தப் போறீங்க?" என்று வண்டி வந்த அன்றே உமா கேட்டாள். ஒன்றரை வருஷம் தொட்டியில் டிபன் பாக்ஸைத் தாண்டி எதுவும் ஏறவில்லை. பிறகு அவளுடைய தங்கை நித்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணம் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஹெலன்ஸ்பர்க் கோயிலில் என்று முடிவானது. மாப்பிள்ளை மெல்பர்ன். மாமனார் திருச்சியிலிருந்து இரண்டு மாதம் முன்னதாகவே எங்கள் கெல்லிவில் வீட்டுக்கு வந்து இறங்கினார்.

மாமா கட்டட மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே போனாலும் பையில் ஒரு ரசமட்டம் இருக்கும். அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நின்றால்தான் அவருக்கு உலகம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். வந்த முதல் வாரத்திலேயே எங்கள் வீட்டு சாப்பாட்டு மேஜை, பூஜை அலமாரி, டிவி மூன்றையும் தேர்வு வைத்து ஃபெயிலாக்கினார்.

அவர் கப்பலில் இரண்டு விஷயங்களை அனுப்பியிருந்தார். ஒன்று, அம்மி. என் மாமியார் தன் கல்யாணத்தில் மிதித்த கல் அது. அதே கல்லைத்தான் உமாவும் மிதித்தாள். அத்தை தவறிப்போய் அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. நித்யாவும் அந்தக் கல்லைத்தான் மிதிக்க வேண்டும் என்பதில் மாமா உறுதியாக இருந்தார். கோயிலிலேயே அம்மி இருக்கும் என்று யார் சொன்னாலும் அவர் காதில் விழாது.

இரண்டாவது விஷயம், கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க முந்நூறு இடிகற்கள். கைக்கு அடக்கமான கருங்கல் உரல், உள்ளே ஒரு சின்ன உலக்கை. ஒவ்வொன்றும் மூன்று கிலோ. மொத்தம் கிட்டத்தட்ட ஒரு டன்.

"பிளாஸ்டிக் டப்பா குடுத்தா அடுத்த வருஷம் குப்பையில கெடக்கும் மாப்ள. கல்லக் குடுத்தா பேரன் காலம் வரைக்கும் நம்ம பேரு சொல்லும்" என்றார் மாமா.

"டெலிவரிக்காரங்ககிட்ட குடுத்து கோயிலுக்கு அனுப்பிடலாம்பா" என்றாள் உமா.

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒன்றரை வருஷமாகக் காத்திருந்த தருணம்.

"எதுக்கு? நான் இருக்கேன்ல" என்றேன்.

யூட் வைத்திருப்பவர்கள் கூடும் இணையக் குழுவில் ஒரு வாரம் படித்தேன். ஒரு டன்னைத் தொட்டி தாங்காது, பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும் டிரெய்லர் வேண்டும் என்றும், பாரமான டிரெய்லரை இழுத்தால் யூட்டின் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு தூக்கிக்கொள்ளும் என்றும், பின் ஸ்பிரிங் பக்கத்தில் இரண்டு காற்றுப் பைகளைப் பொருத்திக்கொண்டால் டயருக்கு அடிப்பதுபோல் காற்று அடித்து நிமிர்த்தலாம் என்றும் தெரிந்தது. பெண்டில் ஹில்லில் வசந்தி அக்காவின் மெக்கானிக் ஷாப்புக்குப் போனேன். அக்கா யாழ்ப்பாணம். என் காரையும் இருபது வருஷமாக இந்த ஊரில் பாதித் தமிழர்களின் காரையும் பார்ப்பவர். குடும்ப நண்பர் என்பதால் கல்யாணப் பத்திரிகையும் கையோடு கொடுத்தேன்.

"ஓம், பூட்டித் தாறன்" என்றார் அக்கா, பத்திரிகையில் கிரீஸ் படாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு. "ஆனா ஒண்டு கேளுங்கோ தம்பி. காத்து அடிச்சா வண்டி நிமிரும். பாரம் குறையாது. விளங்கிச்சுதோ?"

"புரிஞ்சுது அக்கா."

"முப்பது பவுண்டுக்கு மேல அடிக்காதேங்கோ. அதுக்கு மேல வேணும் போல இருந்தா பிழை காத்தில இல்லை, நீங்கள் சாமான் அடுக்கின விதத்தில. பாரத்தை டிரெய்லரிண்ட டயர்ச் சில்லுக்கு மேல வையுங்கோ. முன்னுக்கு வைச்சா எல்லாம் கொக்கியில ஏறி உங்கட வண்டியை அமத்தும்."

நான் தலையாட்டினேன். ஆபீஸ் மீட்டிங்குகளில் பதினைந்து வருஷம் பயிற்சி எடுத்த தலையாட்டல். அதில் குறை சொல்ல முடியாது.

கல்யாணத்துக்கு முதல் நாள் உமாவும் நித்யாவும் பெண் வீட்டு ஜனங்களோடு கோயில் பக்கம் போய்த் தங்கிவிட்டார்கள். நானும் மாமாவும் வாடகை டிரெய்லரோடு வீட்டில். நான்கு சக்கர டிரெய்லர், நல்ல நீளம். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாமான் ஏற்றும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அக்கா சொன்னதை அவரிடம் சொன்னேன். முழுதாகச் சொன்னேனா என்று இன்றும் குடும்பத்தில் சர்ச்சை இருக்கிறது. நான் சொன்னது, "கல்லை எல்லாம் நடுவுல வைக்கலாமா மாமா?"

"நடுவுலயா?" என்றார் மாமா. வந்த சம்பந்தியைப் பந்தியின் நடுவில் உட்காரச் சொன்னதுபோல் அவர் முகம் போனது. "மங்கலச் சாமான் முன்னாடி போகணும் மாப்ள."

கல்யாண மண்டபத்தில் யார் யாரை எங்கே உட்கார வைப்போமோ அதே வரிசையில் டிரெய்லர் நிரம்பியது. முன்னால் அம்மி, பட்டுத்துணி சுற்றி. அடுத்து மாப்பிள்ளை வீட்டாருக்கான இடிகற்கள். அதன் மேல் பெண் வீட்டாருக்கானவை. பிறகு பித்தளைக் குத்துவிளக்குகள். சக்கரத்துக்கு மேலும் அதற்குப் பின்னாலும், தூரத்து உறவுகளுக்கு ஒதுக்கும் இடத்தில், பிளாஸ்டிக் பூமாலைகள், காகிதத் தட்டுகள், தலையணைகள். ஒரு டன் கல்லும் முதல் வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. பின்னால் ஒரு ஆள் படுத்துத் தூங்கும் அளவுக்கு இடம் இருந்தது.

கொக்கியை மாட்டினேன். யூட் பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டது. ஹெட்லைட் இரண்டும் எதிர்வீட்டு மாடி ஜன்னலைப் பார்த்தன.

மாமா தொட்டியின் ஓரத்தில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஒரு முனையில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் காற்றுப் பம்பை எடுத்தேன். இந்த நிமிஷத்துக்காகத்தானே எல்லாம்.

முப்பது பவுண்டு. குமிழி அசையவில்லை. நாற்பது. கொஞ்சம் நகர்ந்தது. "வருது, வருது" என்றார் மாமா. ஐம்பது. அறுபது. எழுபதில் குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. யூட் தரைக்கு இணையாக, விளம்பரத்தில் வருவதுபோல் நின்றுகொண்டிருந்தது. மாமா பத்து வருஷத்தில் முதல்முறையாக என் தோளில் தட்டினார்.

"வெறும் காத்து மாப்ள! காத்தடிச்சே ஒரு டன்ன தூக்கிட்டீங்களே!"

அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"இது காத்து இல்ல மாமா. இன்ஜினியரிங்."

என் தொழில் என்ன என்று மேலே சொல்லியிருக்கிறேன். திரையில் பிழைச் செய்தி வந்தால், பிழையைச் சரிசெய்யாமல் செய்தியை மட்டும் மறைத்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று வந்து நிற்கும் இளைஞர்களை நான் பதினைந்து வருஷமாகத் திட்டிவருகிறேன். ஒருத்தனை அழவே வைத்திருக்கிறேன். அன்று மதியம் என் வீட்டு வாசலில் பம்போடு நின்றபோது அவன் நினைவு எனக்கு வரவேயில்லை.

மறுநாள் காலை ஆறரைக்குக் கிளம்பினோம். முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. நான் பட்டு வேட்டி சட்டை, மாமாவும் அப்படியே. யூட்டுக்கு நாலு, டிரெய்லருக்கு நாலு என்று எட்டு டயருக்கும் மாமா எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டியை நகர்த்தினேன். பின் டயர் பழங்கள் கூழாகின. முன் டயர் பழங்கள் இரண்டும் வழுக்கிக்கொண்டு ஓடிச் சாக்கடை ஓரமாக நின்றன.

"முன்னாடி நசுங்கலையே மாப்ள" என்றார் மாமா, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து.

"வண்டி பதமா போகுது மாமா, அதான்."

எட்டுப் பழங்களில் இரண்டு எனக்குப் பச்சையாக உண்மையைச் சொல்லின. வண்டியின் முன்பக்கத்தில் பாரமே இல்லை. காற்றுப் பை பின்பக்கத்தை நிமிர்த்தியிருந்ததே தவிர, கொக்கியில் ஏறிய சுமை முன்சக்கரங்களை ஆகாசத்துக்கு இழுத்துக்கொண்டுதான் இருந்தது. மோட்டார்வே ஏறியதும் ஸ்டியரிங் ஒரு விரலால் சுற்றும் அளவுக்கு லேசாக இருந்தது. "எவ்வளவு ஸ்மூத் பாருங்க" என்று மாமாவிடம் ஒரு விரலால் ஓட்டியும் காட்டினேன்.

ஹீத்கோட் ரோட்டின் மேடு பள்ளங்களில் யூட்டின் மூக்கு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே வந்தது. வாட்டர்ஃபால் தாண்டி, கோயிலுக்கு இன்னும் பத்து நிமிஷம் என்கிற இடத்தில் ஒரு பாலம். பாலத்தின் விளிம்பில் ஒரு சின்ன ஏற்றம். அதில் ஏறி இறங்கியபோது 'டொம்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ பீரோவை மூடியதுபோல் இருந்தது. பின்கண்ணாடியில் அதுவரை முழுதாகத் தெரிந்துகொண்டிருந்த டிரெய்லர் பாதிதான் தெரிந்தது.

ஓரம் கட்டினேன். இறங்கிப் பார்த்தோம். வண்டி நடுவில் வளைந்திருந்தது. முன்பாதி மூக்குத் தாழ்ந்து ரோட்டைப் பார்த்தது, தொட்டி பின்பக்கமாகத் தரையைப் பார்த்துச் சரிந்திருந்தது, இரண்டுக்கும் இடையில் மேல்பக்கம் என் கை நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. மாமா பையைத் திறந்து ரசமட்டத்தை எடுத்தார். கூரையின் மேல் வைத்தார். குமிழி பின்கோடிக்கு ஓடியது. தொட்டியின் மேல் வைத்தார். முன்கோடிக்கு ஓடியது.

"ரெண்டும் வேற வேற வண்டி மாதிரி இருக்கே மாப்ள" என்றார்.

நான் குனிந்து காற்றுப் பையின் அழுத்தத்தை அளந்து பார்த்தேன். எழுபது. ஒரு பவுண்டுகூட இறங்கவில்லை. "காத்து அப்படியே இருக்கு மாமா" என்றேன். அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று மாமா இன்றும் சாட்சி சொல்வார்.

ஃபோன் அடித்தது. உமா.

"என்னங்க, எங்க இருக்கீங்க? ஐயர் அம்மி எங்கன்னு கேக்கறார்."

"பக்கத்துலதான்."

"பக்கத்துலன்னா?"

"ரொம்பப் பக்கத்துல."

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால், மாமா டிரெய்லரில் ஏறி அம்மியின் மேல் சுற்றிய பட்டுத்துணியைச் சரிசெய்துகொண்டிருந்தார். "உங்க அத்தை மிதிச்ச கல்லு மாப்ள" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அந்த இடத்திலேயே ரோட்டோரப் புதருக்குள் இறங்கி நடந்து போய்விடலாம் போல் இருந்தது. மணி எட்டு ஐந்து.

வசந்தி அக்காவைக் கூப்பிட்டேன். அவரும் கல்யாணத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தார். கால் மணி நேரத்தில் ஒரு சின்னக் கார் எங்கள் பின்னால் வந்து நின்றது. அக்கா அரக்கு நிறப் பட்டுப் புடவையில் இறங்கினார். பின்னால் அவருடைய கணவர் நேசன் அண்ணை, கையில் சீர்த்தட்டோடு. அக்கா புடவையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து அடியில் பார்த்தார்.

"எவ்வளவு காத்து அடிச்சனீங்கள்?"

"முப்பதுக்குக் கொஞ்சம்..."

"எழுபதும்மா" என்றார் மாமா. "நான்தான் மட்டம் பாத்தேன்."

அக்கா டிரெய்லரைப் பார்த்தார். முன்வரிசையைப் பார்த்தார். பின்னால் இருந்த தலையணைகளைப் பார்த்தார். பிறகு நேசன் அண்ணையின் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்தார். இரண்டு முனையையும் விரல்களால் கீழே அழுத்தி, நடுவில் இரண்டு பெருவிரலாலும் மேலே தூக்கினார். தோல் பிளந்து பழம் வளைந்தது.

"இதுதான் நடந்தது. பின்னுக்குப் பாரம் கீழ இழுக்குது. நடுவில உங்கட காத்துப் பை கல்லு மாதிரி நிண்டு மேல தள்ளுது. வண்டியிண்ட அடிச்சட்டம் என்ன செய்யும், பாவம்?" என்றார். பழத்தை என்னிடம் கொடுத்தார். "இந்தாங்கோ, சாப்பிடுங்கோ."

அன்று பகல் முழுவதும் எனக்குக் கிடைத்த கல்யாணச் சாப்பாடு அது ஒன்றுதான்.

"சரி, கல்லை எடுங்கோ. எண்ட காரில கொண்டு போவம்."

காரின் பின்சீட்டில் பாதி, அக்கா வீட்டுச் சீர்த்தட்டுகளும் பூக்கூடையும். மீதியில் ஒருவர் உட்காரலாம். அம்மியைச் சீர்த்தட்டுகளுக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்றேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு ஆன பிறகும் அம்மி முன்னால்தான் போக வேண்டும். நானும் நேசன் அண்ணையும் தூக்கிக்கொண்டு போய் அதை முன்சீட்டில் உட்கார வைத்தோம். கார் கத்த ஆரம்பித்தது. சீட்டில் ஆள் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று அதற்குக் கவலை. மாமா பெல்ட்டை இழுத்து அம்மிக்குப் போட்டுவிட்டார். கார் அமைதியானது.

மாமா பின்சீட்டில் ஏறினார். நேசன் அண்ணைக்கு இடம் இல்லை. எனக்கும் இல்லை; இருந்தாலும் நான் டிரெய்லரை விட்டுவிட்டு வர முடியாது. கார் கிளம்பும்போது மாமா கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். நேரமில்லை என்று கையைக் காட்டினார்.

நேசன் அண்ணை அதிகம் பேசாதவர். நாங்கள் இருவரும் பட்டு வேட்டியோடு ரோட்டோரக் கம்பித் தடுப்பின் மேல் உட்கார்ந்திருந்தோம். கல்யாணத்துக்குப் போகும் கார்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. தெரிந்தவர்கள் கையசைத்தார்கள். நாங்களும் அசைத்தோம். வரவேற்க நிற்கிறோம் என்று சிலர் நினைத்திருக்கலாம்.

ஒன்பதேகாலுக்கு உமா வீடியோவில் கூப்பிட்டாள். ஃபோனை மேடைப் பக்கம் திருப்பினாள். லாரிச் சத்தத்தில் நாதஸ்வரம் அரைகுறையாகத்தான் கேட்டது. தாலி கட்டியாயிற்று. கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை குனிந்து நித்யாவின் காலைத் தூக்கி அம்மியின் மேல் வைத்தார். பக்கத்தில் மாமா நின்றிருந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் ஹைவே ஓரத்தில் விசும்பி விசும்பி அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

நேசன் அண்ணை கைக்குட்டையை நீட்டினார். "கல்லு போய்ச் சேர்ந்திட்டுதுதானே தம்பி" என்றார். அன்று அவர் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

பதினொரு மணிக்கு இழுவை வண்டி வந்தது. ஓட்டுநர், ஆறடிக்கு மேல் ஒரு வெள்ளைக்காரர், யூட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஏர்பேக்ஸ், மேட்?" என்றார். ஆமாம் என்றேன். துக்க வீட்டுக்கு வந்தவர்போல் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். அவருக்கு ஒரு இடிகல் கொடுத்தேன். பூண்டு நசுக்க என்று சொன்னதும் மிகவும் சந்தோஷப்பட்டார். வளைந்த யூட்டின் முன்னால் என்னை நிற்கவைத்து, கையில் இடிகல்லோடு ஒரு படமும் எடுத்து அனுப்பினார். என் மச்சினி கல்யாணத்தன்று எடுத்த படங்களில் நான் இருக்கும் ஒரே படம் அது.

வண்டி பிழைக்கவில்லை. சட்டம் வளைந்தால் வளைந்ததுதான் என்றார் வசந்தி அக்கா. காற்றுப் பைகள் மட்டும் புத்தம்புதிதாக இருந்தனவாம். வேறு யாருக்காவது பூட்டட்டுமா என்று கேட்டார். இப்போது ஒரு சின்ன வெள்ளைக் கார் வைத்திருக்கிறேன். கோயிலுக்குப் போய்ச் சேராத மீதி இடிகற்கள் எல்லாம் எங்கள் கராஜுக்கே திரும்பி வந்தன. எங்கள் வீட்டுக்கு வருகிற யாரும் கல் வாங்காமல் திரும்ப முடியாது. சோலார் பேனல் விற்க வந்தவர்கூட ஒன்று வாங்கிக்கொண்டு போனார். மறுபடி அவர் வரவில்லை. இன்னும் நூற்று எண்பது இருக்கின்றன. கராஜில் அவற்றை மாமாதான் அடுக்கினார். இந்த முறை நடுவில்.

அந்த வாக்கியமும் பிழைத்துக்கொண்டது. உமா பூரி சுடும்போது ஒன்று உப்பி எழுந்தால் போதும், "இது காத்து இல்ல, இன்ஜினியரிங்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். மாமாவின் கையில் டாக்டர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து ரத்த அழுத்தம் பார்த்தபோது, "முப்பதுக்கு மேல அடிக்காதீங்க டாக்டர், எங்க மாப்ளகிட்ட கேளுங்க" என்றாராம் மாமா. டாக்டருக்குப் புரிந்திருக்காது. இருந்தாலும் அழுத்தம் சரியாகத்தான் இருந்தது.

போன மாதம் நித்யாவின் மகளுக்கு மூன்றாவது பிறந்தநாள். மெல்பர்ன் பாயிண்ட் குக்கில் அவர்கள் வீட்டுக்கு எல்லோரும் போயிருந்தோம். கல்யாண ஆல்பத்தை எடுத்தார்கள். அதில் குடும்பப் படம் ஒன்று உண்டு. நாற்காலிகளில் மாப்பிள்ளை, நித்யா, மாமா, உமா. உமாவுக்குப் பக்கத்தில் மூத்த மாப்பிள்ளைக்கு என்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நான்தான் ரொம்பப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தேனே. கடைசிவரை காத்திருந்துவிட்டு, அத்தையின் கல்லும் படத்தில் இருக்கட்டும் என்று மாமா அம்மியை அந்த நாற்காலியில் வைத்துவிட்டார். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கழுத்தில் மாலையோடு கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது.

குழந்தை என் மடியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு முகமாக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். அப்பா. அம்மா. தாத்தா. பெரியம்மா. கடைசியில் அம்மியின் மேல் விரல் வைத்தாள்.

"பெரியப்பா" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மாமா, உமா, நித்யா, அவள் கணவர், எல்லோரும் இருந்தார்கள். ஒருவர்கூடத் திருத்தவில்லை.